தொலைந்துபோகாத பாட்டுக்காரர்



நினைவுச் சொற்பொழிவுக்கு ஓர் அமெரிக்கப் பாட்டுக்காரரின் பெயரை அறிவித்ததும் சில தோழர்கள் கேட்டார்கள்: ஏன் இவர்? நியாயமான கேள்வி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு தேசமே பாடித் திரிந்த பாட்டுகளை எழுதியவர், அதே காலத்தில் இன்னொரு தேசத்தில் பாழடைந்த வீடுகளை இடித்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்தார். ரசிகர்களின் அன்பில் குறையே இல்லை. கூலி மட்டும் வரவில்லை. பாட்டை ஆயுதமாகப் பிடித்திருக்கிற நாம் இந்த இடைவெளியைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

சிக்ஸ்டோ ரோட்ரிகஸ் 1942 ஜூலை 10இல் டெட்ராய்ட்டில் பிறந்தார். மெக்சிகோவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம். ஆறாவது பிள்ளை, அதனால்தான் சிக்ஸ்டோ. கார்த் தொழிற்சாலைகளின் நகரமான டெட்ராய்ட், ஊர் ஊராகத் தொழிலாளிகளை இழுத்துக்கொண்ட நகரம். தொழில் சரிந்தபோது முதலில் தெருவுக்கு வந்தவர்களும் அவர்கள்தான். 1967இல் அங்கே கறுப்பின மக்களின் பெரும் கிளர்ச்சி வெடித்தது. அந்த நகரத்தின் மதுக்கடைகளில், பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டியபடி, கிதாரோடு நின்று பாடிக்கொண்டிருந்தார் இவர். கேட்டவர்களில் டென்னிஸ் காஃபி, மைக் தியோடர் என்ற இரண்டு இசைத் தயாரிப்பாளர்களும் இருந்தார்கள். அவர்களோடு 1970இல் ‘கோல்ட் ஃபேக்ட்’ ஆல்பம் வந்தது. அடுத்த ஆண்டு லண்டனில் பதிவான ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’ வந்தது. இரண்டும் அமெரிக்காவில் விற்கவில்லை. வெளியிட்ட சசெக்ஸ் நிறுவனம் அவரைக் கைவிட்டது. 1975இல் நிறுவனமும் மூடப்பட்டது. மூன்றாவது ஆல்பம் கடைசிவரை வரவேயில்லை.

அந்தப் பாட்டுகளில் இருப்பது என்ன? வேலை போன மனிதன், போதை விற்பவன், நகராட்சியின் பொய், குப்பை அள்ளப்படாத தெரு, காசில்லாதவனின் காதல். ‘எஸ்டாப்ளிஷ்மென்ட் ப்ளூஸ்’ என்று நாம் சுருக்கிச் சொல்கிற பாட்டின் முழுத் தலைப்பிலேயே, இது பாட்டு இல்லை, வெடிப்பு என்று அறிவித்துவிடுகிறார். செய்தித்தாள் தலைப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற பாட்டு அது. பாப் டிலனோடு ஒப்பிடுவது ரசிகர்களின் வழக்கம். நமக்கு அந்த ஒப்பீட்டில் பெரிய ஆர்வமில்லை. டிலன் ஏழைகளைப் பற்றி எழுதினார். ரோட்ரிகஸ் மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியிருந்தது. குரலில் அந்த வித்தியாசம் கேட்கிறது. அழுகையும் இல்லை, ஆவேசமும் இல்லை. பார்த்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற குரல்.

ஏன் விற்கவில்லை என்பதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். பெயரைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம். 1967இல் வந்த முதல் இசைத்தட்டில் அவர் பெயர் ‘ராட் ரிகஸ்’ என்று வெட்டி ஒட்டப்பட்டிருந்தது, வெள்ளைக்காரப் பெயர்போல ஒலிக்க. ‘கோல்ட் ஃபேக்ட்’ ஆல்பத்தில் பாட்டு எழுதியவர் பெயராக ஓரிடத்தில் ‘ஜீசஸ் ரோட்ரிகஸ்’, ஓரிடத்தில் ‘சிக்ஸ்த் பிரின்ஸ்’. 1989இல் டெட்ராய்ட் நகர்மன்றத் தேர்தலில் நின்றபோது வாக்குச்சீட்டிலேயே பெயரைத் தப்பாக அச்சிட்டார்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் நம் தாத்தா பாட்டிகளின் பெயர்களை வாத்தியார் இஷ்டத்துக்கு எழுதிய கதை நமக்குத் தெரியும். பெயரைச் சரியாக எழுதும் அளவுக்கு ஒருவரைப் பொருட்படுத்தாத சமூகம், அவர் பாட்டுக்குக் கணக்கு மட்டும் சரியாக வைக்குமா?

இனி தென்னாப்பிரிக்கா. 1970களில் அந்த ஆல்பம் எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்தது. கேட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள். நிறவெறி அரசு தன் வெள்ளைப் பையன்களையும் இறுக்கிக் கட்டி வைத்திருந்தது: கட்டாய ராணுவ சேவை, கடும் தணிக்கை, 1976வரை நாட்டில் தொலைக்காட்சியே கிடையாது. அரசு வானொலியின் காப்பகத்தில் இருந்த இசைத்தட்டில், ஒலிபரப்ப முடியாதபடி ‘சுகர் மேன்’ பாட்டின் மேல் கூர்மையான கருவியால் கீறி வைத்திருந்தார்கள். ஆவணப்படத்தில் அந்தக் கீறலைக் காட்டுகிறார்கள். தடைசெய்ததால் பாட்டு நின்றுவிடவில்லை. கேசட்டில் பதிந்து கைமாற்றினார்கள், ராணுவ முகாம்களில் கேட்டார்கள். சுமார் ஐந்து லட்சம் பிரதிகள் விற்றிருக்கும் என்று படத்தில் ஒருவர் மதிப்பிடுகிறார். அதிகாரத்தை எதிர்க்கலாம் என்ற எண்ணமே இந்தப் பாட்டுகளில்தான் கிடைத்தது என்று பிற்கால ஆஃப்ரிகான்ஸ் இசைக்கலைஞர்கள் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒடுக்கும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்த வீட்டின் சுவரில் ஒரு ஜன்னல் கிடைத்தது உண்மை. அதைச் சிறுமைப்படுத்த மாட்டோம். ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு வரும் மாணவர்கள் சிலர், ரோட்ரிகஸின் பாட்டு நிறவெறியை அசைத்தது என்கிற மாதிரி பேசுகிறார்கள். தோழர்களே, நிறவெறியை அசைத்த பாட்டுகள் வேறு. தொழிற்சங்கக்காரரும் பாட்டுக்காரருமான வுயிசிலே மினியை 1964 நவம்பர் 6இல் பிரிட்டோரியாவில் தூக்கிலிட்டார்கள். தூக்குமேடைக்குப் பாடிக்கொண்டே போனார். அவர் கட்டிய பாட்டுகளை ஊர்வலங்களில் ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் பாடினார்கள். மிரியம் மகேபா முப்பது ஆண்டுகள் சொந்த மண்ணுக்குத் திரும்ப முடியாமல் இருந்தார். ஆஸ்கர் மேடைக்குப் போன கதையில் இவர்களுக்கு இடமில்லை. இதில் ரோட்ரிகஸின் தவறு எதுவும் இல்லை. கேமரா எந்த வீட்டு வாசலில் வைக்கப்பட்டது என்பதுதான் நம் கேள்வி.

அந்த ரசிகர்களின் செயலுக்கு வருவோம். அவரைப் பற்றி அவர்களுக்கு எதுவுமே தெரியாது. மேடையிலேயே தீக்குளித்துச் செத்துப்போனார் என்றும், துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார் என்றும் கதைகள் உலவின. ஸ்டீஃபன் செகர்மேன் என்ற கேப்டவுன் ரசிகர், இரண்டாவது ஆல்பம் 1996இல் அங்கே குறுந்தகடாக வந்தபோது உறைக்குறிப்பு எழுதினார். இந்த மனிதரைத் துப்பறிய யாராவது இருக்கிறீர்களா என்று அதில் கேட்டார். கிரெய்க் பார்தலோமியூ என்ற பத்திரிகையாளர் அதைப் படித்துவிட்டுக் கிளம்பினார். நேராகப் பணத்தின் தடத்தைப் பிடித்துப் போனார், வழி அடைபட்டது. பிறகு பாட்டு வரிகளில் வரும் ஊர்ப்பெயர்களைத் தேடினார். டியர்பார்ன் என்ற பெயர் டெட்ராய்ட் பக்கம் காட்டியது, அங்கிருந்து மைக் தியோடரைப் பிடித்தார். செத்தது எப்படி என்று கேட்கப் போனவருக்கு, ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்ற பதில் கிடைத்தது. 1998 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் ஆறு கச்சேரிகள். ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று கத்தினார்கள். ஐம்பத்தைந்து வயதில், டிக்கெட் முழுதும் விற்ற அரங்கில் அவர் நின்றார்.

வரிகளை இவ்வளவு கவனமாகப் படித்த ரசிகர்கள் எந்தப் பாட்டுக்காரருக்கும் வரம்தான். பெரும் நிறுவனங்கள் செய்யாததைச் சம்பளம் வாங்காத இருவர் செய்தார்கள். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் நம் கோபத்தைச் சொல்கிறோம்.

மாலிக் பெஞ்செலூல் எடுத்த ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ 2012இல் வந்தது, அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. அருமையான படம், பார்க்காதவர்கள் பாருங்கள். அதன் கதை, தொலைந்துபோன மேதையை உலகம் கண்டெடுத்தது என்பது. ஆனால் ரோட்ரிகஸ் எங்கே தொலைந்தார்? 1979இலும் 1981இலும் ஆஸ்திரேலியாவில் பெரிய அரங்குகளில் பாடியிருக்கிறார். அங்கே பதிவான கச்சேரி ஆல்பத்துக்கு ‘அலைவ்’, உயிரோடு, என்று பெயரே இருக்கிறது. படத்தில் ஆஸ்திரேலியா இல்லை. கதையின் சுவை கெட்டுவிடும் என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை. 1981இல் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்றார். மேயர் தேர்தலில் நின்றார், நகர்மன்றத்துக்கு நின்றார், தோற்றார். மகள்களை வளர்த்தார். கட்டட இடிப்பு வேலைக்குக் கோட் போட்டுக்கொண்டு போவார் என்று உடன் வேலை செய்தவர் படத்திலேயே சொல்கிறார். அரசு ஏலத்தில் 50 டாலருக்கு வாங்கிய வீட்டில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். முகவரி உள்ள மனிதர், வாக்குச்சீட்டில் பெயர் வந்த மனிதர். அவரைத் தொலைந்தவர் என்கிறவர்கள் அந்தத் தெருவுக்கு வராதவர்கள். நம் எழுத்தாளர்களையும் இப்படித்தான் ‘கண்டெடுக்கிறார்கள்’. இருபது வருடம் சேரியில் உட்கார்ந்து எழுதியவர், ஒரு பெரிய பத்திரிகை எட்டிப்பார்த்த வாரத்தில் பிறந்தவராகிவிடுகிறார்.

கூலிக் கதை இன்னும் கசப்பானது. தென்னாப்பிரிக்க நிறுவனங்கள், ராயல்டியை அமெரிக்காவுக்கு அனுப்பினோம் என்கின்றன. சசெக்ஸ் நிறுவனத்தை நடத்திய கிளாரன்ஸ் அவன்ட்டிடம் படத்தில் கேட்கிறார்கள், அவர் எரிச்சலடைகிறார். அவரும் சாதாரணமானவர் இல்லை. வெள்ளையர் கையிலிருந்த இசைத்தொழிலில் கறுப்பினத்தவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர், பில் விதர்ஸின் ஆல்பங்களை வெளியிட்டவர். இந்தப் பாட்டுகளின் உரிமை யாருக்கு என்பது 2014இல் அமெரிக்க நீதிமன்றத்துக்கும் போனது. யார் குற்றவாளி என்று நாம் இங்கே தீர்ப்பெழுதப் போவதில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: ஒப்பந்தக் காகிதம், வெளியீட்டாளர், உரிமம் வாங்கியவர், அவரிடமிருந்து வாங்கியவர் என்று ஒவ்வொரு கையும் முந்தைய கையைக் காட்டுகிறது. கணக்கு கேட்கப் போனால் ஒருவரிடமும் கணக்கு இல்லை. கந்துவட்டிக்காரரும் செங்கல்சூளை மேஸ்திரியும் இதே முறையில்தான் நடத்துகிறார்கள்.

அவர் என்ன செய்தார்? புலம்பவில்லை. பிற்காலத்தில் வந்த பணத்தில் பெரும்பகுதியைக் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் கொடுத்துவிட்டு அதே வீட்டிலேயே இருந்தார். இதைத் துறவியின் பெருந்தன்மை என்று எழுதிக் கொண்டாடுகிறார்கள். நமக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. ஏழை கேட்காமல் இருந்தால் புனிதராக்குவதும், கேட்டால் பேராசைக்காரர் என்பதும் பழைய வழக்கம். ரோட்ரிகஸின் அமைதி அவருடைய உரிமை. அதைக் காட்டி வேறொரு பாட்டுக்காரரிடம் ‘அவர் கேட்டாரா?’ என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

கண்பார்வை மங்கிய பிறகும், ஆட்கள் கைபிடித்து மேடைக்குக் கூட்டிவர, எழுபது வயதுக்கு மேலும் பாடினார். 2013இல் வெய்ன் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. 2023 ஆகஸ்ட் 8இல், 81 வயதில் காலமானார்.

வாசலில் இருக்கும் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். நம் ஊர்வலங்களிலும் கூட்டங்களிலும் பாடப்படும் பாட்டுகளில் உங்களுக்குத் தெரிந்தவற்றை அதில் எழுதுங்கள். பாட்டின் முதல் அடி, கட்டியவர் பெயர், ஊர், உயிரோடு இருக்கிறாரா, குறுந்தகடோ யூடியூப் பதிவோ வந்திருந்தால் யார் வெளியிட்டார்கள், கட்டியவருக்கு ஏதாவது கொடுத்தார்களா. பெயரின் எழுத்துகளை அவர் வீட்டாரிடம் கேட்டே எழுதுங்கள். நோட்டு டிசம்பர் வரைக்கும் மன்றத்தில் இருக்கும்.