1815க்குப் பிந்திய மலை

பொருளியலாளர் நிறைந்த சபையில், தோட்டத்துக் கோயில்களின் கணக்குக் கொப்பிகளைப் புரட்டித் திரிந்தவனைத் தலைமைக்கு அமர்த்தியிருக்கிறீர்கள். பெருமைதான், உள்ளுக்குள் கொஞ்சம் உதறலும் இருக்கிறது. அதுவும் பன்விலவில், கூத்துக்காரர் பலர் பின்வரிசையில் இருந்து கேட்கும்போது.

அழைப்பிதழில் உள்ள தலைப்பு, சுற்றுலா வரியும் சூழல், பண்பாட்டுப் பாதுகாப்பும். பூட்டான் ஓர் இரவுக்கு 100 டொலர் வாங்குவதையும், பாலித் தீவு 2024 முதல் வெளிநாட்டவரிடம் 150,000 ரூபியா வாங்குவதையும் பிற்பகல் அமர்வு அலசும். நம் இலங்கையின் கதை நீங்கள் அறிந்ததே. பதிவுபெற்ற சுற்றுலா நிறுவனங்களின் புரள்வில் நூற்றுக்கு ஒன்றும், விமான நிலையப் புறப்படல் வரியில் மூன்றிலொரு பங்கும் 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி சுற்றுலா அபிவிருத்தி நிதியத்தைச் சேர்கின்றன. அங்கிருந்து பெரும்பங்கு விளம்பரத்துக்குப் போகிறது. மலையின் படத்தைக் காட்டி ஆளைக் கூப்பிடக் காசு இருக்கிறது, மலைக்குத்தான் இல்லை. வரி வீதத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்ற விவாதத்தில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. காசு எங்கே போய்ச் சேரலாம் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட ஒரு தேதியோடுதான் எனக்கு நெடுநாள் வழக்கு.

மத்திய கலாசார நிதியத்தைப் பாருங்கள் என்பார்கள் நண்பர்கள். பார்க்கத்தான் வேண்டும். 1980இல் சட்டமாகிய அந்த நிதியம், சிகிரியாவில் வெளிநாட்டவர் வாங்கும் நுழைவுச்சீட்டுக் காசையும் கொண்டு அகழாய்வும் பராமரிப்பும் செய்கிறது. நல்ல முன்மாதிரி. ஆனால் தொல்பொருள் என்று நாடு எதை ஏற்கிறதோ அதன் பின்னால்தான் இப்படிப்பட்ட காசு போகும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அதற்கு 1815 மார்ச் 2 என்று எல்லை போட்டிருக்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்திய கட்டடம் அரச காணியில் இருந்தால் பாதுகாப்பு தானாகவே வரும். பிந்தியதற்கு வர்த்தமானி அறிவித்தல் வேண்டும். நம்மவர் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்து சேர்ந்தது அந்த நாளுக்குப் பிறகு. லயம், மாரியம்மன் கோயில், காமன் கூத்தாடும் பொட்டல் எல்லாமே கோட்டுக்கு அந்தப் பக்கம்.

காட்டுக்கு வேறு கதி. 2010இல் நக்கிள்ஸ் உலக மரபுரிமையானது. வனத் திணைக்களம் சீட்டும் கொடுக்கிறது. காட்டுக்குக் கீழே மடுல்கலையில் கொழுந்து பறிப்பவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தை அரும்பொருளகமாக்க ஒரு தொண்டு நிறுவனம்தான் வர வேண்டியிருந்தது.

கூத்துக்கும் இதே கோட்டைத்தான் காட்டுகிறார்கள். காமன் கூத்து கடல் கடந்து வந்தது, இந்த மண்ணின் மரபுரிமை என்று சொல்ல அதற்கு வயது போதாது என்று மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் எழுதினார். முன்வரிசையில்தான் இருக்கிறார், தேநீர் வேளையில் என்னைக் கண்டிக்கட்டும். அவர் கட்டுரையில் ஆதாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் அத்தனையும் தோட்டத் துரைமார் எழுதி வைத்தது. கோயில் கொப்பி ஒன்றையாவது திறந்திருக்கிறாரா?

திறந்தால் வரவுப் பக்கத்தில் சம்பளப் பதிவான செக்ரோலில் பிடித்த கோயில் சந்தா வரும். செலவுப் பக்கத்தில் தப்புக்குத் தோல், ரதிக்குச் சேலை, மன்மதன் வில்லுக்குக் கரும்பு, கூத்து வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கு. மாசி வந்தால் அதே வரிசை மறுபடியும். நாட்சம்பளக்காரர் தாமே தம்மீது போட்டுக்கொண்ட பண்பாட்டு வரி இது. நிதியம் ஒன்றும் எட்டிப் பார்க்காத காலத்திலும் கூத்து நின்றுபோகாததற்குக் காரணம் அந்தச் சந்தாதான். சுற்றுலா வரி பற்றிய ஆய்வுகளில் இதற்கு ஓர் அடிக்குறிப்பாவது கிடைத்ததை நான் பார்த்ததில்லை.

சுற்றுலா வரியில் ஒரு பங்கைப் பிரதேச சபைக்குக் கொடுத்தால் போதும் என்போரும் இங்கே உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டத்துக்குள் செலவழிக்கச் சபையின் கை கட்டப்பட்டிருந்ததை அவர்கள் மறக்கக் கூடாது. சட்டம் திருந்தினாலும் பழக்கம் திருந்தியதா என்பது வேறு கேள்வி. ஆகவே சபைக்குப் போகும் பங்கில் தோட்டத்துக்கு இவ்வளவு என்று எழுத்திலேயே இருக்க வேண்டும். செலவைக் கூத்து வாத்தியாரும் கோயில் கமிட்டியும் கேட்டுப் பார்க்கும் உரிமையும் வேண்டும்.

மாலையில் தீர்மானம் எழுதும் குழுவினரே, வரி வீதத்தை மூன்றாம் பத்தியில் வைத்துக்கொள்ளுங்கள். 1815ஐ நகர்த்து என்பது முதல் வரியில் வரட்டும். என் நண்பர் மறுப்பார். அவர் மறுப்பையும் பதிவேட்டில் சேருங்கள். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.