புது லோரியா, பழைய லோரியா?



தோட்டப்புறத்தில் வேலை செய்தவருக்கு 55 வயதாகும்போது ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. முப்பது ஆண்டுக்கு மேல் விடியற்காலையில் பிரட்டுக்குப் போய் நின்று சேர்த்த பணம் அது. அந்தப் பணம் வந்த செய்தி லயத்தில் பரவும் முன்பே, பல வீடுகளில் மகன் பேச்சை எடுத்துவிடுகிறான்: "அப்பா, ஒரு லோரி வாங்கலாம்ப்பா. எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவன் வண்டியை ஓட்டுறது?"

இந்த ஆசையில் தவறே இல்லை. செம்பனைக் குலை ஏற்றலாம், காய்கறி ஏற்றலாம், வீடு மாறுகிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றலாம். வண்டி சொந்தமானால் உழைப்பும் சொந்தம். ஆனால் விலை ஏறிக் கிடக்கிற காலத்தில் புதிய லோரி வாங்குவதா, ஓடிய லோரி வாங்குவதா என்பதில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. 2020ஆம் ஆண்டில் தொற்றுநோய் பரவித் தொழிற்சாலைகள் நின்றதும், அதைத் தொடர்ந்து வண்டிகளுக்கு வேண்டிய மின்னணுச் சில்லுகள் கிடைக்காமல் போனதும் நமக்கு நினைவிருக்கும். புது வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதனால் பழைய வண்டிகளின் விலையும் கூடவே ஏறியது. "பழையது என்றால் மலிவு" என்று நம் பெரியவர்கள் வைத்திருந்த கணக்கு அப்போதுதான் ஆட்டம் கண்டது.

தோட்டத்தில் தாள் எதுவானாலும் கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும். அப்படித்தான் ஒரு குடும்பம், விற்பனையாளர் கொடுத்த இரண்டு தாள்களோடு நம்மைத் தேடி வந்தது. தகப்பனார், தாயார், மகன், மூவரும் வந்திருந்தார்கள். ஒரு தாளில் புதிய சிறு லோரி. மற்றதில் பத்து வயதான லோரி. "சார், இதுல எது லாபம்னு சொல்லுங்க" என்றார் தகப்பனார். கரும்பலகையிலேயே கணக்குப் போட்டோம். ஐந்தாம் ஆண்டு மாணவர் போடும் பெருக்கலும் வகுத்தலுமே இதற்குப் போதும். நேயர்களும் பென்சில் எடுத்துக்கொள்ளலாம். இவை அந்தக் குடும்பத்தின் எண்கள். உங்களுக்கு வேறாக இருக்கும்.

புதிய லோரி 80,000 வெள்ளி. முன்பணம் 8,000. கடன் 72,000 வெள்ளி, ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி, ஏழு ஆண்டுத் தவணை. வட்டி மட்டும் 20,160 வெள்ளி. மொத்தம் 92,160. இதை 84 மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் 1,097 வெள்ளி. பழைய லோரி 45,000 வெள்ளி. முன்பணம் 9,000. கடன் 36,000 வெள்ளி. வண்டி பழையது என்பதால் வட்டி 6 விழுக்காடு, ஐந்தே ஆண்டுத் தவணை. வட்டி 10,800. மாதம் 780 வெள்ளி.

மகனுடைய முகம் மலர்ந்தது. "பழசுன்னா மாசம் முந்நூறு வெள்ளிக்கு மேல மிச்சம் சார்!" ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. பத்து வயது வண்டிக்கு, புது வண்டிக்கு ஆகும் பராமரிப்புக்கு மேலே, மாதம் 300 வெள்ளியாவது பழுதுக்கு ஒதுக்க வேண்டும். 780உம் 300உம் சேர்ந்தால் 1,080. இரண்டு வண்டிக்கும் வித்தியாசம் மாதம் 17 வெள்ளி! புதியதற்கு இரண்டு ஆண்டு கூடுதலாகக் கட்ட வேண்டும் என்பது உண்மை. ஆனால் கட்டி முடித்த அன்று நம்மிடம் இருப்பது ஏழு வயது வண்டி. மற்றதைக் கட்டி முடிக்கும்போது வாசலில் நிற்பது பதினைந்து வயது வண்டி. ஆக, விலை ஏறிய காலத்தில் பழைய வண்டியைக் கடனுக்கு வாங்குவதுதான் மூன்று வழிகளில் மோசமான வழி என்பது நம் கருத்து. மூன்று என்று சொன்னதற்குக் காரணம், இன்னும் பழைய வண்டியாகப் பார்த்துக் கைப்பணத்துக்கே வாங்கிவிடும் வழி ஒன்றும் இருக்கிறது.

வட்டியைப் பற்றி ஒரு சொல். மேலே போட்டது, முதலில் வாங்கிய தொகைக்கே கடைசி வரை வட்டி போடும் பழைய முறை. மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி குறைவதில்லை. அதனால் தாளில் 4 விழுக்காடு என்று எழுதியிருந்தாலும், நாம் உண்மையில் கொடுப்பது 7 விழுக்காட்டுக்கும் மேல். குறைந்துவரும் கடனுக்கு வட்டி போடும் முறையும் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் எந்த முறை என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். விற்பவர் சொல்லத் தயங்கினால், "மொத்தம் எவ்வளவு கட்டுவோம்?" என்று கேளுங்கள். அந்த ஓர் எண்ணை எவராலும் மறைக்க முடியாது.

இவ்வளவு நேரமும் வாய் திறக்காமல் இருந்த தாயார் அப்போது கேட்டார்: "மழை மாசத்துல எவ்வளவு வரும்?"

பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பெண்மணி அல்லவா! மழை பெய்தால் வேலையில்லை, இலை உதிரும் காலத்தில் பால் இல்லை என்பதை அனுபவித்து அறிந்தவர். மகனிடம் பதில் இல்லை. நல்ல மாதத்து வருமானத்தை மட்டுமே அவன் மனத்தில் வைத்திருந்தான். ஆகவே வாங்குவதை ஆறு மாதம் தள்ளிப் போட்டார்கள். அந்த ஆறு மாதமும் மகன் ஒரு தெரிந்தவரின் லோரியை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டினான். சட்டைப் பையில் ஒரு 555 புத்தகம் வைத்து, ஓடிய நாள், ஏற்றிய சுமை, டீசல் செலவு, கைக்கு வந்த கூலி எல்லாவற்றையும் எழுதினான். தீபகற்ப மலேசியாவில் 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்ந்ததை எல்லாரும் அறிவோம். உதவித் திட்டங்களில் சேரத் தகுதி உள்ளவர்களுக்குச் சுமை குறையலாம். நம் வண்டிக்கு அது உண்டா என்று விசாரித்த பிறகே கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்த 555 புத்தகம் சொன்ன செய்தி இது: டீசலும் சாப்பாடும் போக, சொந்த வண்டியாக இருந்தால் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 120 வெள்ளி நிற்கும். நல்ல மாதத்தில் 22 நாள் ஓடியது. ஆண்டுத் தொடக்கத்தில் குலை குறைந்த மாதத்தில் 12 நாள்தான். பன்னிரண்டு நாளுக்கு 1,440 வெள்ளி. புதிய லோரியின் தவணை 1,097 போனால் மீதி 343 வெள்ளி. அதிலேதான் அரிசியும் பள்ளிப் பேருந்துக் கட்டணமும் மின்சாரக் கட்டணமும். மாதத்தில் முதல் ஒன்பது நாளுக்குச் சற்று மேல் ஓடினால்தான் தவணையே தேறும் என்பதை அறிந்ததும் தகப்பனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இரண்டு தவணை தொடர்ந்து தவறினால் என்ன ஆகும்? வாடகைக் கொள்முதலுக்கு நம் நாட்டில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறிய பிறகு, எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 21 நாள் அவகாசம் முடிந்த பின்னரே வண்டியை எடுக்கலாம். செலுத்திய தவணைகள் வண்டியின் ரொக்க விலையில் 75 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எடுக்க முடியாது. வாங்கியவர் இறந்துபோனால், தொடர்ந்து நான்கு தவணை தவறிய பிறகே அறிவிப்புக் கொடுக்கலாம். இவை நல்ல பாதுகாப்புகள். ஆனால் பலரும் அறியாத ஒன்று உண்டு. சரக்கு வண்டிகளில், சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடை 2,540 கிலோவைத் தாண்டாதவற்றையே அச்சட்டத்தின் அட்டவணை குறிப்பிடுகிறது. "இன்னும் கொஞ்சம் போட்டால் பெரிய லோரி" என்று மூன்று டன் வண்டிக்கு ஆசைப்படுகிறவர், ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே வேதம் என்று எண்ணிக் கையெழுத்திட வேண்டும். எந்த வண்டியானாலும், ஏலத்தில் விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால் மிச்சத்தை நம்மிடம்தான் கேட்பார்கள். பிணைக் கையெழுத்துப் போட்ட தகப்பனாரிடமும் கேட்பார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு "மற்றதை நான் எழுதிக்கொள்கிறேன்" என்கிறவரிடம் வண்டியே வாங்க வேண்டாம். முன்பணத்துக்காக வட்டி முதலைகளிடம் போவதைப் பற்றியோ, 1971ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுத்த கூட்டுப் பணத்தை நம்புவதைப் பற்றியோ நாம் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை.

இதைக் கேட்டுப் புதிய லோரியே கூடாது என்று எண்ணிவிடாதீர்கள். அதே தோட்டத்தில் வேறொருவர் புதிய லோரி வாங்கினார். அவர் செய்தது சரியே. கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோக மூன்று ஆண்டுக்கு எழுத்தில் ஒப்பந்தம் வைத்திருந்தார். காலை ஆறு மணிக்குச் சரக்கு போய்ச் சேராவிட்டால் ஒப்பந்தமே போய்விடும். அவருக்கு நிற்காத வண்டிதான் முதல். நம்முடைய குடும்பத்துக்கு அப்படி இல்லை. பறித்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ப்பது நல்லது, இல்லாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். ஆனால் நம் வண்டி நின்றால் பக்கத்துத் தோட்டத்து வண்டியைக் கூப்பிட்டு ஏற்றி அனுப்பிவிடலாம். மேலும் சேறும் குழியுமான செம்பனைப் பாதையில் ஓடினால் புது வண்டி இரண்டே ஆண்டில் கிழடாகிவிடும். புது மெருகுக்குக் கொடுத்த பணம் அந்தச் சேற்றோடு போகும்.

ஆகவே கைப்பணத்துக்குப் பழைய வண்டி என்று முடிவாயிற்று. சேமநிதியில் பாதியைத் தொடக்கூடாது என்று தாயார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மீதியில் 30,000 வெள்ளிதான் எல்லை. பட்டறைக்காரர் ஒருவருக்கு நாள் கூலி கொடுத்துக் கூடவே அழைத்துப் போனார்கள். முதலில் பார்த்த வண்டி பளபளவென்று இருந்தது. பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் படுத்து, திருப்புளியால் சட்டத்தில் ஓரிடத்தைச் சுரண்டினார். புதுக் கறுப்புச் சாயத்துக்குக் கீழே பற்றவைத்த தழும்பு தெரிந்தது. "அடியில மட்டும் புதுச் சாயம் இருந்தா சந்தேகப்படணும் தம்பி" என்றார். அதிகச் சுமை ஏற்றிச் சட்டம் விரிந்த வண்டி அது. இரண்டாவது வண்டியில் இருக்கையைத் தூக்கினால் தண்டவாளத்துக்குள் காய்ந்த மண். கம்பிகளில் பச்சைப் பாசம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரில் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்று நாம் பார்த்தோமே.

மூன்றாவதை, காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது போய் முடுக்கிப் பார்த்தார்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் குறை தெரியாது. நீலப் புகை வந்தால் இயந்திர எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். இதில் அது இல்லை. சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் பதிவுப் பத்திரத்தோடு ஒத்திருந்தன. சாலைப் போக்குவரத்து இலாகாவில், வண்டியின் பேரில் பழைய கடன் நிலுவையோ குற்றப் பதிவோ இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையை நம் மக்கள் வண்டிக்குக் கொடுத்த நற்சான்றிதழ் என்று எண்ணுகிறார்கள். அது முக்கியமாக வண்டி திருட்டு வண்டியா, எண்கள் சரியா என்று பார்ப்பது. கியர் இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்று அது சொல்லாது.

விலை 24,000 வெள்ளி. பெயர் மாற்றம், காப்புறுதி, இரண்டு டயர் எல்லாம் சேர்ந்து 2,000. மீதி 4,000 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டு, "லோரிப் பணம்" என்று 555 புத்தகத்தில் தனிப் பக்கம் ஒதுக்கினார்கள். மாதம் 350 வெள்ளி அதில் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. குறைந்த மாதத்திலும் அதைச் சேர்த்துவிட்டு 1,090 வெள்ளி வீட்டுக்கு நிற்கும்.

எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. இரண்டாம் மாதமே கிளட்சும் கியர்ப் பெட்டியும் போயின. செலவு 2,300 வெள்ளி; வண்டி ஒன்பது நாள் பட்டறையில் நின்றது. ஒன்பது நாள் கூலி 1,080 வெள்ளியும் போயிற்று. மகன் இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. தகப்பனார் நம்மிடம் வந்து, "புதுசே வாங்கியிருக்கலாமோ சார்?" என்றார். புதியது வாங்கியிருந்தால் அந்த இரண்டு மாதத்துக்குத் தவணை மட்டும் 2,194 வெள்ளி ஆகியிருக்கும் என்று சொன்னோம். அவர் அதை மனத்துக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொண்டார்.

அன்று மாலை தாயார் மகனிடம் 555 புத்தகத்தை வாங்கி, லோரிப் பணம் எவ்வளவு மிச்சம் என்று கேட்டாராம். "ஆயிரத்து எழுநூறும் இந்த மாசம் போட்டதும்" என்றான். "அப்ப கடன் வாங்க வேண்டியதில்ல. நாளைக்கு வண்டிய எடு" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாராம்.