இருளுக்குள் இறங்கிய ஒளி

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



அந்தி சாய்ந்ததும் விளக்கு வைப்பது நமது வீட்டு வழக்கம். அந்த வழக்கத்திலிருந்தே நமது பக்தி இலக்கியத்தின் அழகிய உருவகம் ஒன்று பிறந்தது. திருக்கோவலூரில் மழை கொட்டும் ஓர் இரவில், குறுகிய இடைகழி ஒன்றிலே ஆழ்வார்கள் மூவர் ஒதுங்கி நின்றனர். நான்காவதாக ஒருவர் வந்து நெருக்குவதை உணர்ந்தனர். அவர் யாரென்று காண விளக்கு வேண்டியிருந்தது. பொய்கையாழ்வார் இவ்வுலகையே அகலாகக் கொண்டார். பூதத்தாழ்வாரோ தமது அன்பையே அகலாக்கினார். அந்த ஒளியிலே பேயாழ்வார் திருமாலைக் கண்டார் என்பது வைணவ மரபு.

நான் சைவக் குடும்பத்திலே பிறந்தவன்; இந்துக் கல்லூரியிலே தமிழ் கற்பிப்பவன். கிறிஸ்தவ இலக்கியத்தை வகுப்பில் எடுக்கும்போதெல்லாம் இந்த இடைகழி விளக்கையே மாணவருக்கு முதலில் நினைவூட்டுவேன். ஏனெனில் யோவான் எழுதிய நற்செய்தியும் இருளையும் ஒளியையும் பேசியே தொடங்குகிறது. ஆயினும் அங்கே அழுத்தம் வேறு. ஆழ்வார்கள் இறைவனைக் காண விளக்கேற்றினர். யோவான் காட்டும் ஒளியோ இறைவனிடமிருந்து புறப்பட்டு, தன்னை அறிந்து கொள்ளாத உலகத்தினுள்ளே மனிதனைத் தேடி வருகிறது. இறைவனுடைய அன்புதான் அந்த ஒளி என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை.

கேட்க இனிமையான கருத்து. ஆனால் அன்பு எவ்வாறு ஒளியாகும்? இருட்டில் கிடக்கும் ஒருவனுக்கு அதனால் ஆவதென்ன? இந்த வினாவுக்கு விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நமது கண்டி மாநகரமே ஒரு விடை வைத்திருக்கிறது.

1658 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரை முற்றாக வெளியேற்றிய ஒல்லாந்தர், இலங்கையின் கரையோரத்திலே கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கத்தோலிக்க மக்கள் குருவானவர் இன்றியே வாழ்ந்தனர். இச்செய்தியைக் கேள்வியுற்ற கோவா நாட்டுக் குரு ஒருவர், 1687 இல் தூத்துக்குடியிலிருந்து ஏழைக் கூலியாளின் கோலத்தில் கடல் கடந்து வந்தார். அவரே யோசப் வாஸ் அடிகளார். கொங்கணி அவருடைய தாய்மொழி. நமக்காகத் தமிழைக் கற்றுக் கொண்டார்.

வந்த இடத்தில் முதலில் அவரை வரவேற்றது நோய்தான். வயிற்றுக்கடுப்பால் துவண்டு கிடந்த அவரை, தொற்றிவிடும் என்ற அச்சத்தால் பலரும் ஒதுக்கினர். ஒரு பெண் கொடுத்த கஞ்சியே அவரது உயிரைக் காத்தது என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். இந்தக் கஞ்சியை நேயர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

1692 இல் அவர் கண்டிக்கு வந்தார். போர்த்துக்கேயரின் உளவாளி என்ற ஐயத்தினால் சிறை வைக்கப்பட்டார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் நாளடைவில் அவரது நேர்மையை உணர்ந்து, தடையின்றி நடமாட விட்டான்.

1697 ஆம் ஆண்டு கண்டியை வைசூரி பற்றிக் கொண்டது. இன்று நாம் மாலை வேளையில் சுற்றி வரும் ஏரி அப்போது இல்லை. நூறு ஆண்டுகளுக்குப் பின் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்தது அது. அன்று அங்கே வயல்களே இருந்தன. நோய்க்கு அஞ்சி மன்னன் தலைநகரை விட்டு அகன்றான். இயன்றவர்கள் அவன் வழியே போயினர். நோய் கண்டவர்களை உறவினரே காட்டோரங்களில் விட்டுவிட்டு ஓடினர். தாய் பிள்ளையை விடவும், பிள்ளை தாயை விடவும் துணிந்த காலம் அது.

நேயர்களே, இருள் என்பது இதுதான். வெளிச்சம் இல்லாமை மட்டும் இருளன்று. அருகில் ஒருவரும் இல்லாமையே இருள்.

அடிகளார் ஓடவில்லை. கோவாவிலிருந்து துணையாக வந்திருந்த மற்றொரு குருவுடன் சேர்ந்து, கைவிடப்பட்டவர்களைத் தேடிச் சென்றார். அவர்களுக்கு ஒதுங்க இடம் செய்தார், புண்களைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தவர்களைத் தம் கையாலே அடக்கம் செய்தார். நோயாளர் எந்தச் சமயத்தவர் என்று அவர் பார்க்கவில்லை. அவரிடம் அந்நோயைத் தீர்க்கும் மருந்து இருக்கவில்லை. அக்காலத்தில் எவரிடமும் இருக்கவில்லை. அவர் கொடுக்கக் கூடியது ஒன்றே: அருகில் இருத்தல்.

திருச்சிராப்பள்ளித் தலவரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. காவிரி பெருக்கெடுத்ததால் தாய் வந்து சேர முடியாத நிலையில், பேறுகால வேதனையில் தனித்துக் கிடந்த பெண்ணுக்குத் தாயின் உருவிலே வந்து பணிவிடை செய்தாராம் சிவபெருமான். அதனாலே அவர் தாயுமானவர். அந்த இறைவனை வணங்கும் எனக்கு, வைசூரிப் பாயருகே அமர்ந்திருந்த அடிகளாரைப் புரிந்து கொள்வதில் இடர்ப்பாடு இல்லை.

1705 இல் அவருக்கு உதவியாக வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். கிறிஸ்துவின் பாடுகளைக் கூறும் அவரது ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் ஓதப்பட்டு வரும் நூல். சிலுவையிலே இயேசு தொங்கிய நண்பகலில் நாடெங்கும் இருள் சூழ்ந்தது என்று நற்செய்திகள் கூறுகின்றன. கிறிஸ்தவ சிந்தனையின் உயிர்நிலை இங்கேதான் இருப்பதாக நான் கருதுகிறேன். அந்த ஒளி இருளைத் தூரத்தில் நின்று விரட்டவில்லை. இருளுக்குள்ளே இறங்கி, அங்கே துன்புறுவோருடன் தானும் துன்புற்றது. வாஸ் அடிகளார் காட்டோரத்தில் செய்ததும் அதுவே.

இனி, சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லி விடுகிறேன். 2020 ஆம் ஆண்டில் கொவிட் நோய் பரவியபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குத் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டினார்கள். உள்ளே ஒரு முதியவளும் அவளது மகளும். பல ஆண்டுகளாக அன்புடைமை அதிகாரத்துக்குப் பொருள் சொல்லி வந்த நான், அந்த வீட்டுப் பக்கத்து யன்னலைச் சாத்தினேன். மேட்டு வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும் நாள்தோறும் அந்தியில் சோற்றுப் பார்சலும் கொத்தமல்லித் தண்ணீரும் கொண்டு வந்து படலையடியில் வைப்பாள். வைத்துவிட்டுப் போய்விட மாட்டாள். எட்ட நின்று, “அம்மா, சாப்பிட்டீங்களா?” என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து பதில் வரும்வரை காத்து நிற்பாள். சாத்திய யன்னலுக்குப் பின்னால் நின்று அந்தக் குரலைக் கேட்டேன். அன்று எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அவள் எந்தக் கோயிலுக்குப் போகிறவள் என்று நான் விசாரித்ததில்லை. வாஸ் அடிகளாருக்குக் கஞ்சி கொடுத்த பெண்ணின் பெயரும் எனக்குத் தெரியாது. இருவரும் ஒரே விளக்கைத்தான் ஏந்தினார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

அடிகளார் 1711 சனவரி 16 ஆம் நாள் கண்டியிலேயே காலமானார். 1995 இல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 2015 இல் காலிமுகத்திடலில் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. ஆனால் அவரை அடக்கம் செய்த இடம் இதுதான் என்று சுட்டிக் காட்ட இன்று கண்டியில் ஓர் அடையாளமும் இல்லை. கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டு ஏரிக்கரை வழியே நடக்கையில், என் காலடி மண்ணில் எதுவும் அவருடையதாக இருக்கலாம் என்று எண்ணிக் கொள்வேன்.

இன்று மாலையும் நம் வீடுகளில் விளக்கு வைப்போம். வைத்த பின், சாத்திய யன்னல் ஏதும் உண்டா என்று ஒருமுறை பார்ப்போம். இருந்தால் அதைத் திறப்போம். விளக்கு நம் வீட்டுக்குள்ளே மட்டும் எரிந்தால் போதாதன்றோ?