'முன்விரோதம்' என்று எழுதுவது யார்?



சேரியில் ஒரு கொலை நடக்கிறது. மறுநாள் நாளிதழைப் பிரித்தால் 'முன்விரோதம் காரணமாக' என்று இருக்கிறது. பல நேரங்களில் அது காவல் நிலையம் தந்த சொல். அந்த ஒரு சொல்லில் சாதி காணாமல் போய்விடுகிறது. பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய நம் பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதே கேள்வியை அமெரிக்காவில் எழுப்பியவர் ஐடா பி. வெல்ஸ். 1862இல் அடிமையாகப் பிறந்தவர். மெம்பிஸ் நகரில் 'ஃப்ரீ ஸ்பீச்' இதழின் ஆசிரியர், பங்குதாரர். 1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸும் இன்னும் இரு கறுப்பினத்தவரும் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய மளிகைக்கடை வெள்ளையர் கடைக்குப் போட்டியாக இருந்ததே பகையின் வேர். ஆனால் கும்பல் கொலை என்றாலே வெள்ளையர் ஏடுகள் வழக்கமாகச் சொன்ன காரணம் வேறு: வெள்ளைப் பெண்ணைப் பலாத்காரம் செய்தான்.

வெல்ஸ் விசாரித்தார். அது பொய் என்று மே மாதம் எழுதினார். அவர் வெளியூரில் இருந்தபோது கும்பல் அவருடைய பத்திரிகை அலுவலகத்தை நாசமாக்கியது. திரும்பினால் கொலை என்று மிரட்டியது. கறுப்பினத்தவர் நடத்திய 'நியூயார்க் ஏஜ்' அவருக்கு இடம் கொடுத்தது. 'சிகாகோ ட்ரிப்யூன்' என்ற வெள்ளையர் ஏடு வெளியிட்ட பட்டியலையே எடுத்து எண்ணிக் காட்டினார்: கொல்லப்பட்ட 728 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் அந்தக் குற்றச்சாட்டே இருந்தது. எதிரியின் கணக்கே அவருக்குச் சாட்சி.

நமக்கென்று ஏடு ஏன் வேண்டும் என்பதும் இதில் இருக்கிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழையும், 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினார்கள். 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு தருகிறோம் என்றும் விளம்பரம் போட 'கேசரி' மறுத்தது.

இன்று கும்பலுக்கு முன்பே வழக்கு வருகிறது. மால்டாவில் ஆட்சியாளர்களின் ஊழலை எழுதிய டாஃப்னி கருவானா கலீட்சியா மீது 40க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள். 2017 அக்டோபர் 16இல் கார் குண்டில் கொல்லப்பட்டார். அந்தச் சாவுக்கு அரசும் பொறுப்பு என்று 2021இல் பொது விசாரணை சொன்னது. அவர் விட்ட இடத்திலிருந்து பல நாட்டுச் செய்தியாளர்கள் சேர்ந்து எழுதினார்கள்.

நாளை உண்மை அறியும் குழுவில் நாமும் ஓர் ஊருக்குப் போவோம். முதல் தகவல் அறிக்கை, பிணக்கூறாய்வு அறிக்கை இரண்டின் நகலையும் கேட்போம். தகராறு நிலத்திலா, கூலியிலா, சுடுகாட்டுப் பாதையிலா, எந்த ஆண்டிலிருந்து என்று எழுதுவோம். சாட்சியின் பெயரை அவர் சம்மதமின்றி அச்சிடமாட்டோம். கிடைத்த ஆதாரத்தை ஒருவர் கையில் மட்டும் விட்டுவைக்கமாட்டோம்.

'முன்விரோதம்' என்று எழுதியவர், அந்த விரோதம் என்னவென்று நமக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஜெய் பீம்.