சாவியைத் திருப்பியும் இன்ஜின் எழவில்லையா? பேட்டரி வாங்கும் முன் பாருங்கள்

(படகுத் தொழில் செய்யும் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கரையில் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் தள்ளிக்கொண்டு போகலாம். கடலில் அதற்கு வழியில்லை. வலை விட்டு, இன்ஜினை அணைத்துக் காத்திருந்து, மறுபடி சாவியைத் திருப்பும்போது அது எழவில்லை என்றால், காற்றும் நீரோட்டமும் படகை இழுத்துக்கொண்டு போகும். பாக் நீரிணையில் 1974-இல் வகுத்த எல்லைக் கோடு நமக்குத் தூரத்தில் இல்லை. அதைத் தாண்டிப் படகு ஒதுங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

இன்ஜின் எழாவிட்டால் நாம் முதலில் சொல்வது, "பேட்டரி போச்சு." கடன் வாங்கிப் புது பேட்டரி போடுகிறோம். சில நாளில் பழைய கதையே திரும்புகிறது. காரணம், பல நேரம் கோளாறு பேட்டரியில் இல்லை. கரண்ட் போகும் வழியில் இருக்கிறது. உப்புக் காற்றில் டெர்மினலும் கேபிள் முனையும் களிம்பு பிடித்துவிடும். கேபின் விளக்குக்கு ஓரிரு ஆம்பியர் போதும். களிம்பு இருந்தாலும் அது எரியும். செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். வழியில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே போய்விடும். ஆகவே, "விளக்கு எரிகிறது, வயர் எல்லாம் சரிதான்" என்று முடிவு கட்டாதீர்கள்.

முதலில் கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கேபின் விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

விளக்கு மங்காமல், சத்தமும் இல்லாமல் இருந்தால், செல்ஃபுக்குக் கரண்ட் போகவே இல்லை. சாவி சுவிட்ச், பியூஸ், ரிலே, சாலினாய்டுக்குப் போகும் சிறிய வயர் ஆகியவற்றைப் பாருங்கள். "டக் டக்" என்று விடாமல் தட்டினால், அல்லது விளக்கு அடியோடு அணைந்தால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது இணைப்பு கெட்டிருக்கிறது. ஒரே ஒரு "டக்" கேட்டு நின்றால், பெரிய கேபிளையும் சாலினாய்டையும் செல்ஃபையும் சந்தேகப்படுங்கள். செல்ஃப் வேகமாகச் சுற்றியும் இன்ஜின் எழவில்லை என்றால், செல்ஃபைக் கழற்ற வேண்டாம். டீசலில் காற்று புகுந்திருக்கிறதா, ஸ்டாப் சாலினாய்டு திறக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, மல்டிமீட்டர். இன்ஜின் ஓடி நின்று சில மணி நேரம் கழித்து, 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. செல்ஃப் சுற்றும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. 24 வோல்ட் படகில் இந்த அளவுகளை இரட்டிப்பாக்கிக் கொள்ளுங்கள்.

இனி கேபிள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் ஈயக் கட்டையிலும், மறு முனையைச் செல்ஃபில் பெரிய கேபிள் வந்து சேரும் போல்ட்டிலும் வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில்தான் கரண்ட் வீணாகிறது. மைனஸ் கட்டைக்கும் செல்ஃபின் உடம்புக்கும் இடையில் இதேபோலப் பாருங்கள். எர்த் கேபிளை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

கோளாறு அங்கே என்றால், செலவு ஓர் உப்புத்தாளும் கொஞ்சம் வாஸ்லினும்தான். மைனஸ் கேபிளை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள்.

சில எச்சரிக்கைகள். பேட்டரி சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பிடிக்கும் வாயு வரும். இன்ஜின் அறையைத் திறந்து காற்றோட விடுங்கள், பீடி பற்ற வைக்காதீர்கள். ஸ்குரூடிரைவரை வைத்து செல்ஃபை ஷார்ட் செய்யாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றினால் ஆல்டர்னேட்டர் எரிந்துபோகும். செல்ஃபைத் தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள். ஓரிரு நிமிடம் ஆற விடுங்கள்.

இன்ஜின் எழுந்த பிறகும் ஒரு தடவை மீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் புது பேட்டரி போட்டால் அதுவும் இறங்கிவிடும். முடிந்தவர்கள் விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் தனி பேட்டரி வைத்து, ஸ்டார்ட் செய்யும் பேட்டரியைத் தொடாமல் விடுங்கள்.

தாய்மார்களே, "புது பேட்டரி வாங்கப் பணம் வேண்டும்" என்று வீட்டில் கேட்டால், "மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா, டெர்மினலைத் தேய்த்தீர்களா?" என்று நீங்கள் கேளுங்கள். தம்பிமார்களே, அடுத்த முறை கடலுக்குப் போகுமுன் கரையிலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். அரை மணி நேர வேலைதான்.