கரைவெட்டியில் ஐந்து கேள்விகள்

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்குக் குளிர்காலத்தில் பட்டைத்தலை வாத்துகள் வந்து இறங்கும். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயத்தையே தாண்டிப் பறந்து வருபவை அவை. புள்ளம்பாடி வாய்க்கால் வழியே காவிரித் தண்ணீர் பெறும் இந்த ஏரி 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

கரையில் நிற்கும் ஒரு மாணவிக்கு அந்தப் பறவையின் பெயர் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2014இல் வெளியிட்ட 'மெர்லின்' என்ற இலவசச் செயலி அவளிடம் ஐந்து கேள்விகள் கேட்கும். எங்கே பார்த்தாய்? என்றைக்கு? எவ்வளவு பெரியது? என்னென்ன நிறம்? என்ன செய்துகொண்டிருந்தது? ஜனவரியில் அது காட்டும் பட்டியல் வேறு, மே மாதத்தில் காட்டுவது வேறு. பறவை ஆர்வலர்கள் 'இ-பேர்ட்' தளத்தில் பதிந்துவரும் கணக்குதான் இதற்கு அடிப்படை. 2015 முதல் தமிழகத்தில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் அங்கேதான் பதிவாகிறது. பறவைத் தொகுப்பை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத கரையிலும் செயலி ஓடும்.

பெயரைக் கண்டுபிடித்ததோடு பாடம் முடிந்துவிடக் கூடாது. அதற்குப் பின் வரும் பாடம் பிள்ளைக்குப் பிள்ளை மாற வேண்டும்.

இப்படி மாற்றுவது நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஆசிரியர்கள் கைபேசிச் செயலியில் மதிப்பிட்டு, பிள்ளைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என நிலைக்கேற்ற பயிற்சி தருகிறார்கள். சுற்றுச்சூழல் பாடத்துக்கும் அதே வழி பொருந்தும். ஒரு பிள்ளை வாத்தின் தலையிலுள்ள கறுப்புப் பட்டைகளை எண்ணட்டும். அதைத் தாண்டிய பிள்ளையிடம், வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷம் இந்த வாத்துகள் எங்கே போகும் என்று கேட்கலாம்.

பெரம்பலூர்ப் பக்கம் போனால் மெர்லின் உதவாது. அங்கே பாடம் பாறையில் இருக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது, புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் வெளிக்கொணர்ந்தது. காரை கிராமத்து வெடிப்பு நிலத்தில் அம்மோனைட் என்ற பழங்கடல் உயிரின் சுவடுகள் உண்டு. அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லும் ஒரு காலத்தில் இங்கே இருந்த அந்தக் கடல் விட்டுச்சென்றதுதான். ஆலையில் அப்பா வேலை பார்க்கும் பிள்ளைக்கும், சுரங்கத்தை ஒட்டி நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் இதில் கேட்க வேறு வேறு கேள்விகள் இருக்கும். அவற்றை எழுதித்தர உள்ளூர் ஆசிரியர்களால்தான் முடியும். ஆனால் அவற்றைப் பிள்ளைகள் திறந்து பார்க்கப் பல வீடுகளில் ஒரே கைபேசிதான். அது அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு இரவில்தான் திரும்பும். அதனால் பாடங்கள் சிறியவையாக, தமிழில், இணையம் இல்லாமலும் திறப்பவையாக இருக்க வேண்டும்.