கடிதத்துக்குக் காவலர் யார்?

மின்னஞ்சல் பெட்டிக்கும் ஓர் அளவுண்டு. அது நிறைந்துவிட்டால், பின்னர் வருங் கடிதங்களைச் சேவையகம் ஏற்பதில்லை; அவை அனுப்பியவருக்கே திரும்பிவிடும். பெறவேண்டியவரோ பல வேளைகளில் அதனை அறியார். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பொன்று இவ்வாறு திரும்புமாயின், இழப்பு யாருடையது? ஆதலால், சேவையகத்தில் இடங் குறைந்தவர்கள் தம் கடிதங்களை எம்முறையாற் பெறுவதென்பது சிந்திக்கத்தக்கதே.

பெருவழக்கிலுள்ள முறைகள் இரண்டு. ஒன்று 'பொப்'. 1984இல் வகுக்கப்பட்ட இம்முறையின் மூன்றாம் வடிவமே இன்று வழங்குவது. இது கடிதங்களைக் கணினிக்கு இறக்கித் தந்து, சேவையகத்திலிருந்து அவற்றை நீக்கிவிடும் இயல்பினது. மற்றையது 'ஐமாப்'. 1986இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பார் இதனை ஆக்கினார். இதிலே மூலக் கடிதம் சேவையகத்திலேயே தங்கும். கணினியிலும் கைத்தொலைபேசியிலும் காண்பவை அதன் பிரதிகளே.

இடமொன்றையே கருதின், பொப் முறையே சிறந்ததெனத் தோன்றும். ஆனால், இறக்கிய கணினி பழுதுற்றாற் கடிதங்களும் அதனோடு அழியும். சேவையகத்திலும் ஒரு பிரதியை விட்டுவைக்கும் ஏற்பாடு உண்டெனினும், அதற்கு நாட்கணக்கு வரையறுக்காவிடிற் பெட்டி முன்போலவே நிறையும். ஐமாப் முறையின் இடர் வேறு. இடம் வேண்டிக் கைத்தொலைபேசியில் ஒரு கடிதத்தை அழித்தால், அது கணினியிலிருந்தும் மறைந்துவிடும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? ஒரே கணினியிற் படிப்பவர் பொப் முறையைக் கைக்கொள்ளலாம். சேவையகப் பிரதி இரு வாரங்களில் நீங்குமாறு வரையறுத்து, இறக்கியவற்றுக்கு வேறொரு வட்டிலும் பிரதி எடுத்தல் வேண்டும். பல கருவிகளிற் படிப்பவருக்கு ஐமாப்பே ஏற்றது. அவர் பழைய கடிதங்களைக் காலந்தோறும் தம் கணினியிலுள்ள கோப்புறைக்கு மாற்றிவருதல் நன்று. அப்போது பெரிய இணைப்புகளை முதலிற் கவனித்தல் வேண்டும். வெறும் எழுத்து இடத்தை அதிகம் பிடிப்பதில்லை; படங்களும் கோப்புகளுமே பிடிப்பன. அஞ்சலில் அனுப்புதற்கென அவை எழுத்துருவாக மாற்றப்படுங்கால், அளவில் மூன்றிலொரு பங்கு கூடிவிடுகின்றன.

எம்முறையைத் தெரிந்தாலும் மறக்கலாகாதது ஒன்றுண்டு. சேவையகத்தில் இருக்குமட்டும் கடிதத்தைக் காப்பவர் பிறர். அங்கிருந்து நீங்கிய கணமே, அதற்குக் காவலர் அதனை இறக்கியவரே.